களைக்கொல்லி கம்பெனிக்கு மட்டுமா தெரியும்? பயிருக்கும் தெரியும்!

விவசாயப் பெருங்குடி மக்களே! களையெடுக்கும் தாய்மார்களே! கூலிக்கு மருந்தடிக்கும் இளைஞர்களே!

மழை ரெண்டு தூத்தல் போட்டதும் நம்ம ஊரில் என்ன நடக்கிறது? பயிர் முளைக்கிறதோ இல்லையோ, களை முளைத்துவிடுகிறது. களை முளைத்த மறுநாள் நாம் எங்கே போகிறோம்? வயலுக்கு இல்லை, மருந்துக்கடைக்கு. "அண்ணே, நெல்லுக்குள்ள புல்லு மண்டிப் போச்சு, ஏதாவது குடுங்க" என்கிறோம். கடைக்காரர் அலமாரியில் இருந்து ஒரு டப்பாவை எடுத்து வைக்கிறார். என்ன மருந்து, எந்தப் பயிருக்கு, எத்தனை மில்லி என்று நாமும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. கணக்கு நோட்டில் ஒரு வரி ஏறுகிறது. அறுவடை முடிந்து நெல்லைப் போட்டால் அந்த நோட்டுக்குத்தான் முதல் படியளப்பு.

இதை மாற்ற முடியாதா? முடியும் என்று சொல்லத்தான் இந்தத் துண்டறிக்கை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 'ஒரு செடியைப் பிழிந்து அடித்தால் எல்லாக் களையும் செத்துப்போகும்' என்ற கதையை நாங்கள் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவனை நம்பாதீர்கள் என்று சொல்லவும்தான் இதை அச்சடித்திருக்கிறோம்.

பயிருக்கும் ஆயுதம் உண்டு

மாடு முட்டும், நாய் கடிக்கும். செடி என்ன செய்யும்? நட்ட இடத்தை விட்டு அதனால் நகர முடியாது. பக்கத்தில் முளைப்பவன் தண்ணியையும் எருவையும் பிடுங்கினால் சும்மா பார்த்துக்கொண்டா இருக்கும்? அதற்கும் ஆயுதம் உண்டு. வேரில் இருந்து சில சரக்குகளைக் கசியவிடும். இலையில் ஊறிய சரக்கு மழையில் கழுவி மண்ணில் இறங்கும். தட்டை மக்கும்போதும் சில சரக்கு வெளியேறும். சில செடிகள் வாசனையாகவே காற்றில் விடும். இவை பக்கத்து விதையை முளைக்க விடாது, முளைத்த குருத்தை வளர விடாது. இதற்கு 1937இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த மோலிஷ் என்ற அறிஞர் 'அல்லெலோபதி' என்று பெயர் வைத்தார்.

பெயர்தான் அவர் வைத்தது. விஷயம் நமக்குப் பழசு. புளியமரத்தடியில் வெள்ளாமை வராது என்று யார் நமக்குச் சொன்னது? புதுக்கோட்டைப் பக்கம் தைலமரக்காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். அந்த மரம் தண்ணியையும் உறிஞ்சும், உதிர்ந்த இலைக்குக் கீழே புல்லையும் அண்ட விடாது.

சோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணியில்லாமல் வாடிய இளஞ்சோளத்தை மாடு தின்றால் வயிறு உப்பிச் சாகும் என்று நம் பாட்டனுக்கே தெரியும். இலையில் இருக்கும் சரக்கு மாட்டின் வயிற்றில் சயனைடு விஷமாக மாறுவதுதான் காரணம். அதே சோளத்தின் வேரில் இன்னொரு சரக்கு இருக்கிறது. வேர்த்தூவியின் நுனியில் மஞ்சள் எண்ணெய்த் துளியாகச் சுரக்கும். அதற்கு சோர்கோலியோன் என்று பெயர். பக்கத்தில் முளைக்கும் சிறு களையின் குருத்துக்குள் போய், அது வெயிலில் சோறு சமைக்கும் வேலையை நிறுத்திவிடும். மக்காச்சோளத்துக்கு நாம் காசு கொடுத்து அடிக்கிற அட்ரசின் மருந்தும் களையின் உடம்பில் அதே இடத்தில்தான் அடிக்கிறது. கம்பெனி டப்பாவில் அடைத்து விற்கிற வேலையைச் சோளம் சும்மா செய்கிறது!

'சோளம் போட்ட நிலத்தில் அடுத்த வெள்ளாமை சோடை' என்று பெரியவர்கள் சொல்வதற்கும் இது ஒரு காரணம். தட்டையும் வேரும் மக்கும்போது மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்வது இன்னொரு காரணம். ஆயுதம் என்றால் இரண்டு பக்கமும் வெட்டும். களையை அடக்குகிற சரக்கு கவனம் தவறினால் நம் பயிரையும் அடக்கும். இதை மறைத்துப் பேச நமக்கு எந்த அவசியமும் இல்லை. நாம் யாருக்கும் சரக்கு விற்கவில்லை.

சிவப்புப் பூ மரமும் கம்பெனியின் கண்ணும்

கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் பங்களாத் தோட்டத்திலும் ஒரு மரம் பார்த்திருப்பீர்கள். பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி சிவப்புப் பூ தொங்கும். அதற்கு பாட்டில் பிரஷ் மரம் என்றே பெயர். ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தது.

1977இல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், ஸ்டாஃபர் என்ற ரசாயனக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர் ஒருவர் ஒன்றைக் கவனித்தார். இந்த மரத்தடியில் மட்டும் களை அதிகம் இல்லை! மண்ணைச் சோதித்தார்கள், மரத்தைச் சோதித்தார்கள். லெப்டோஸ்பெர்மோன் என்ற சரக்கு அகப்பட்டது. அது பட்ட களையின் இலை பச்சையம் காக்கிற நிறமி இல்லாமல் வெளுத்து, வெள்ளைத் துணி மாதிரி ஆகிச் செத்தது. மரத்தில் உள்ள சரக்குக்கு வீரியம் குறைவு. ஏக்கருக்கு நிறைய வேண்டும். அதனால் அதன் அச்சைப் பார்த்து, கொஞ்சம் மாற்றி, பல மடங்கு வீரியமாகத் தொழிற்சாலையில் செய்தார்கள். கம்பெனி கை மாறிக் கை மாறி, 2001இல் சின்ஜென்டா கம்பெனி 'மீசோட்ரையோன்' என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. மக்காச்சோளத்துக்கு உலகம் முழுக்க விற்கிறார்கள். மரத்தின் தாவரவியல் பெயர் கலிஸ்டெமான். மருந்துக்கு வைத்த பெயர் கலிஸ்டோ!

இன்னொரு கதையும் உண்டு. தைலமரம் போன்ற செடிகளின் வாசனை எண்ணெயில் இருக்கிற சினியோல் வகைச் சரக்கின் அச்சில் 'சின்மெத்திலின்' என்ற களைக்கொல்லியை 1980களில் செய்தார்கள். பிறகு மறந்தார்கள். பழைய மருந்துகளுக்குக் களை சாகாமல் எதிர்த்து நிற்க ஆரம்பித்ததும், தூசி தட்டி எடுத்து பிஏஎஸ்எஃப் கம்பெனி ஆஸ்திரேலியக் கோதுமைக்கு மறுபடி இறக்கியது.

தோழர்களே, இதில் நாம் படிக்க வேண்டிய பாடம் இரண்டு.

ஒன்று: 'செடியில் களைக்கொல்லியா, அதெல்லாம் பாட்டி கதை' என்று நம்மைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்குக் கம்பெனியே பதில் சொல்லிவிட்டது. அது பாட்டி கதை என்றால் 1977 முதல் 2001 வரை 24 வருஷம் கம்பெனிக்காரன் எதற்குக் காசைக் கொட்டினான்?

இரண்டு: மரத்தடியில் களை இல்லை என்பதைப் பார்க்கக் கண் போதும். அதைப் பண்டமாக்கப் பணமும் ஆராய்ச்சிக்கூடமும் வேண்டும். நம் வரிப்பணத்தில் கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஜபல்பூரில் களை ஆராய்ச்சிக்கென்றே 1989 முதல் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. கம்பெனி மருந்தை எத்தனை மில்லி அடிக்க வேண்டும் என்று பரிசோதித்துச் சிபாரிசு தருவது மட்டுமா அவர்கள் வேலை? நம்ம ஊர்ச் சோளத்துக்கும் நெல்லுக்கும் என்ன சக்தி என்று பார்ப்பது யார் வேலை?

பாகிஸ்தான்காரன் காய்ச்சிய சோளத்தண்ணி

அந்த வேலையை நம்மைப் போன்ற ஏழை விவசாயிகள் உள்ள நாட்டிலேயே செய்திருக்கிறார்கள். பாகிஸ்தானில் பைசலாபாத் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் முற்றிய சோளத்தட்டையைச் சின்னச் சின்னதாக நறுக்கி, பத்து மடங்கு தண்ணியில் ஒருநாள் ஊறவைத்து வடிகட்டினார்கள். அதைக் காய்ச்சி வற்ற வைத்துக் கோதுமை வயலில் தெளித்தார்கள். 'சோர்காப்' என்று பெயர் வைத்தார்கள். நம் வாயில் சொன்னால் சோளத்தண்ணி. களையின் எடை சுமார் மூன்றில் ஒரு பங்கில் இருந்து பாதி வரை குறைந்தது, கோதுமை விளைச்சல் கூடியது என்று 2000ஆம் ஆண்டுவாக்கில் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். சோளத்தண்ணியோடு களைக்கொல்லியைப் பாதி அளவு மட்டும் கலந்து அடித்தும் பார்த்திருக்கிறார்கள். முழு அளவு மருந்துக்குக் கிட்டத்தட்ட சமமான பலன் பல சோதனைகளில் கிடைத்தது.

கவனியுங்கள், களை பாதிதான் குறைந்தது, முழுசாக இல்லை. இன்னொரு கணக்கும் போடுங்கள். பத்துக் கிலோ தட்டைக்கு நூறு லிட்டர் தண்ணி. அதை ஐந்து லிட்டராக வற்றக் காய்ச்ச வேண்டும். விறகு யார் தருவது? நேரம் யார் தருவது? நாமே வயலில் கொப்பரை வைத்துக் காய்ச்சுவது நடக்கிற காரியம் இல்லை. சர்க்கரை ஆலைக் கொதிகலன் மாதிரி வசதி உள்ள இடத்தில், கூட்டுறவில் செய்தால் நடக்கலாம். அதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியது பல்கலைக்கழகம்.

காய்ச்சாமலே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தட்டையை நறுக்கி வரிசைக்கு நடுவே மூடாக்காகப் போடுவது. வெயில் படாமல் களை விதை பாதி அடங்கும். மழையிலும் பாசனத்திலும் தட்டையின் சரக்கு இறங்கி மீதியில் கொஞ்சத்தை அடக்கும். இந்தச் சரக்குகளுக்குச் சின்ன விதைதான் சீக்கிரம் மாட்டும். குருத்துக்குக் கையிருப்பு குறைவு அல்லவா? சாரணை, தொய்யக்கீரை மாதிரிக் களையின் விதை சிறுசு. நம்ம பருத்தி விதையும் நிலக்கடலைப் பருப்பும் பெருசு. நாற்றாக நடுகிற பயிருக்கு இன்னும் பயம் இல்லை. ஆனால் எள், கேழ்வரகு, கீரை மாதிரிச் சிறு விதையை நேரடியாக விதைக்கிற இடத்தில் பச்சைத் தட்டை மூடாக்கு வேண்டாம். பயிரும் சேர்ந்து அடங்கும். கோரையும் அருகும் இதற்கு அசையாது. அது கிழங்கிலும் தண்டிலும் பிழைக்கிற ஜாதி. அதற்குக் கோடை உழவும் களைக்கொத்தும்தான்.

நெல்லுக்குள்ளேயே இருக்கிறது

சோளம் மட்டும் இல்லை. நெல்லின் வேரும் மோமிலாக்டோன் என்ற சரக்கைக் கசியவிடுகிறது. 1973இலேயே ஜப்பான்காரர்கள் அதை உமியில் கண்டுபிடித்தார்கள். நெல்லுக்குள் முளைக்கிற குதிரைவாலிப் புல்லை அது அடக்கும். ஆனால் எல்லா ரகமும் ஒரே அளவில் கசியவிடுவது இல்லை. 1980களில் அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் உலக நெல் ரகங்களை ஆயிரக்கணக்கில் நட்டுப் பார்த்தார்கள். நூற்றுக்கு மூணு நாலு ரகத்தைச் சுற்றி மட்டும் களை முளைக்காமல் வட்டமாக வெறுமையாக நின்றது. சீனாவில் அந்தக் குணம் உள்ள நெல்லைக் கலப்புச் செய்து விவசாயிகளுக்கு ரகமாகவே கொடுத்திருக்கிறார்கள்.

நம்மிடம் இல்லாத நெல்லா? மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருங்குறுவை, பூங்கார்... பாட்டன் காலத்தில் களைக்கொல்லி ஏது? உயரமாக வளர்ந்து நிழலில் களையை அமுக்கியது என்று நமக்குத் தெரியும். நிழல் மட்டும்தானா, வேரும் வேலை செய்ததா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல ராக்கெட் விட வேண்டியதில்லை. நூறு ரகம், நூறு பாத்தி, ஒரு பருவம் போதும். குட்டையாக வளர வேண்டும், உரத்துக்கு விளைய வேண்டும் என்று மட்டுமே பார்த்து ரகம் போட்டார்கள். களையோடு சண்டை போடுகிற குணத்தை யார் பார்த்தார்கள்? அந்தக் குணம் விதைக்குள்ளேயே இருந்துவிட்டால் டப்பா விற்பது எப்படி?

நேரடி நெல் விதைப்பில் தக்கைப்பூண்டையும் சேர்த்து விதைத்து, ஒரு மாதம் கழித்துக் கோனோவீடர் ஓட்டி மடக்கிவிடுவது பல்கலைக்கழகமே சிபாரிசு செய்த முறைதான். களைக்கு நிழல், மண்ணுக்குத் தழைச்சத்து. ஆனால் இந்தத் தழைக்கு விளம்பரம் உண்டா? சுவரில் யாராவது தக்கைப்பூண்டுக்கு போஸ்டர் ஒட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

'இயற்கை' என்ற பெயரில் அடிக்கிற கொள்ளை

இனி நம் வீட்டுக் கதை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறோம்.

போன நிலக்கடலைப் பட்டத்தில் வேன் வைத்துக்கொண்டு ஒரு ஆள் நம்ம பக்கம் வந்தான். 'முழுக்க மூலிகை, ரசாயனம் சுத்தமா இல்லை, களை மட்டும்தான் சாகும்' என்றான். டப்பாவில் ஆல மர இலைப் படம். முக்கோணக் குறி இல்லை, பதிவு எண் இல்லை, பில்லும் இல்லை. நம் சங்கத்து ஆட்கள் மூன்று பேர் வாங்கி அடித்தார்கள். ரெண்டாம் நாள் களை கருகியது. மூணாம் நாள் கடலையும் கருகியது. மூலிகைக்கு இவ்வளவு வேகமா என்று நமக்குச் சந்தேகம். உள்ளே வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று நினைக்கிறோம். ஆனால் நிரூபிக்கக் கையில் என்ன இருக்கிறது? ஆபீசுக்கு ஓடினோம். 'பில் இருக்கா? பதிவு எண் என்ன? இது நம்ம கணக்கிலேயே இல்லாத சரக்கு' என்றார்கள். கணக்கில் இல்லாத சரக்கை விற்கிறவனைப் பிடிப்பது யார் கணக்கு ஐயா?

இன்னொன்று. கோமியம், கல் உப்பு, சுண்ணாம்பு, எலுமிச்சைச் சாறு கலந்து 'இயற்கைக் களைக்கொல்லி' என்று செல்போனில் சுற்றுகிறது. நம் சங்கத்து அண்ணன் ஒருவர் கோரை மண்டிய இடத்தில் நாலு தடவை அடித்தார். மேலே கருகியது, சந்தோஷப்பட்டார். பத்துப் பதினைந்து நாளில் கிழங்கில் இருந்து கோரை மறுபடி வந்தது. அவர் போர்வெல் தண்ணி ஏற்கனவே உப்பு. அடுத்த போகம் அந்த இடத்தில் கோரை பச்சையாக நின்றது, பயிர் மஞ்சளாக நின்றது. மண் பாளம் பாளமாக இறுகிவிட்டது. உப்பு இயற்கைதான், கடல் தண்ணியும் இயற்கைதான். அதற்காக வயலில் விட முடியுமா? பாதையோரம், தரிசில் நிற்கிற பார்த்தீனியத்துக்கு உப்புக் கரைசல் அடிப்பது வேறு. சோறு போடுகிற நிலத்தில் அடிப்பது வேறு.

'இயற்கை' என்ற சொல்லே சான்றிதழ் ஆகிவிடாது. அரளிக்கொட்டையும் இயற்கைதான், ஆளைக் கொல்லும். வினிகர், கிராம்பு எண்ணெய் மாதிரிச் சரக்குகள் களையின் இலையைக் கருக்கும் என்பது உண்மை. ஆனால் வேர் வரைக்கும் போகாது, நம் பயிர் மேல் பட்டால் அதையும் கருக்கும். எதை, எங்கே, எவ்வளவு என்று சோதித்துச் சொன்னால்தான் மருந்து. இல்லாவிட்டால் அதுவும் விஷம்தான்.

கம்பெனி மருந்து யோக்கியமா?

'அப்போ கம்பெனி மருந்தே மேல்' என்று யாராவது சொன்னால் அதற்கும் பதில் இருக்கிறது.

கிளைபோசேட் மருந்தை 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 'மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது' என்ற சந்தேகப் பட்டியலின் மேல்தட்டில் வைத்தது. வேறு சில நாட்டு அரசு அமைப்புகள் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அமெரிக்காவில் வழக்கு மேல் வழக்கு வந்து, 2020இல் பேயர் கம்பெனி சுமார் 1000 கோடி டாலர் வரை கொடுத்துச் சமரசம் பேசியது. அமெரிக்க விவசாயிக்குக் கோர்ட்டு இருந்தது, வக்கீல் இருந்தார். நமக்கு?

இந்தியாவில் அந்த மருந்துக்குத் தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத நிலத்துக்கும் மட்டும்தான் அனுமதி கொடுத்தார்கள். வரப்பில், வாழையில், பருத்தியில் அடிக்காத ஊர் எது? கேரளம் 2019இல் தடை போட்டது. 2022 அக்டோபரில் மத்திய அரசு 'பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மூலம்தான் அடிக்க வேண்டும்' என்று அறிவிக்கை போட்டது. கிராமத்தில் அந்த ஆளை யார் கண்டது? முதுகில் டேங்க் கட்டிக்கொண்டு, மூக்கில் துண்டு சுற்றிக்கொண்டு அடிப்பவன் நம் வீட்டுப் பையன்தான். பாராகுவாட் வயிற்றுக்குள் போனால் மாற்று மருந்தே கிடையாது. ஐரோப்பாவில் 2007இலேயே நிறுத்திவிட்டார்கள்.

2020 மே மாதம் 27 மருந்துகளைத் தடை செய்யப் போவதாக மத்திய அரசு வரைவு வெளியிட்டது. அதில் 2,4-டி, அட்ரசின், பூட்டாகுளோர், பெண்டிமெத்தலின் எல்லாம் இருந்தன. அப்புறம் அந்தப் பட்டியல் வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி உருகிப் போனது.

இன்னொரு பக்கம் களையும் பாடம் படிக்கிறது. 1990களில் பஞ்சாப், அரியானா கோதுமை வயலில் ஐசோபுரோட்யூரான் மருந்துக்குக் களை சாகாமல் நின்றது. ஒரே மருந்தை வருஷா வருஷம் அடித்த பலன். செடிச் சரக்கானாலும் இதே கதைதான். ஒன்றையே நம்பினால் களை ஒருநாள் ஜெயித்துவிடும். பல முறைகளைச் சேர்த்துச் செய்தால்தான் நாம் நிற்க முடியும்.

சரி, எல்லாவற்றையும் நாளைக்கே தடை செய்துவிடலாமா? இலங்கையைப் பாருங்கள். 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள். மாற்று வழி கையில் கொடுக்கவில்லை. தேயிலைத் தோட்டங்கள் அலறின. 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் விலக்குக் கொடுத்தார்கள். 2022இல் தடையே போனது. மாற்று இல்லாத தடை கள்ளச்சந்தைக்குத்தான் வாசல் திறக்கும். அதனால்தான் சொல்கிறோம், முதலில் மாற்றைக் கொடு!

களையெடுக்கும் தாய்மார்கள் நம் எதிரி அல்ல

'ஆள் கூலி கட்டுப்படி ஆகலை, அதான் மருந்து' என்று நாமே பேசுகிறோம். யோசித்துப் பாருங்கள். கூலி வாங்குகிற அக்கா அந்தக் காசில் மாளிகையா கட்டினார்? நம் நெல்லுக்கும் கடலைக்கும் கட்டுப்படியாகிற விலை வந்தால் கூலி ஏன் பாரமாகத் தெரிகிறது? கம்பெனி நிர்ணயித்த டப்பா விலையை மறுபேச்சு இல்லாமல் கொடுக்கிறோம். பக்கத்துத் தெரு அக்காவிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். மூடாக்கும் ஊடுபயிரும் போட்டால் மூணு களை ஒரு களையாகக் குறையும். அந்த ஒரு களைக்கு நியாயமான கூலி கொடுக்க நமக்கும் முடியும். விவசாயியும் விவசாயத் தொழிலாளியும் மோதிக்கொண்டால் லாபம் மூன்றாவது ஆளுக்கு.

நாமே செய்து பார்ப்போம்: 5 சென்ட் போதும்

அரசாங்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஊருக்கு ஒருவர் 5 சென்ட் ஒதுக்குங்கள். பருத்தியோ கத்தரியோ மிளகாய் நாற்றோ போட்ட இடமாக இருக்கட்டும். மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் பங்கு: நறுக்கிய சோளத்தட்டை மூடாக்கு, நாலு விரல் கனம்.

இரண்டாம் பங்கு: அதே கனத்துக்கு வைக்கோல் மூடாக்கு. நிழல் எவ்வளவு வேலை செய்தது, தட்டையின் சரக்கு கூடுதலாக என்ன செய்தது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இது. வைக்கோலிலும் கொஞ்சம் சரக்கு உண்டு என்பதை மனதில் வையுங்கள்.

மூன்றாம் பங்கு: மூடாக்கு இல்லை, வழக்கம் போலக் கைக்களை.

நாலு குச்சியைக் கட்டி ஓரடிச் சதுரம் செய்யுங்கள். 20ஆம் நாளும் 40ஆம் நாளும் ஒவ்வொரு பங்கிலும் மூணு இடத்தில் அதை வைத்து உள்ளே எத்தனை களை என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். பயிரின் உயரத்தையும் நிறத்தையும் எழுதுங்கள். கடைசியில் மகசூலை எடை போடுங்கள். பலன் இல்லை என்றாலும் அப்படியே எழுதுங்கள். பொய்க் கணக்கு நமக்கு வேண்டாம், அதைக் கம்பெனிக்கு விட்டுவிடுவோம்.

மருந்து வாங்குகிறவர்கள் இன்றைக்கே மூன்று காரியம் செய்யுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள், பில் கொடுப்பது சட்டப்படி கடைக்காரர் கடமை. முக்கோணக் குறியும் பதிவு எண்ணும் பாருங்கள், சிவப்பு என்றால் கொடிய விஷம். நம் மொழியில் துண்டுச்சீட்டு இல்லாத டப்பாவைத் திருப்பிக் கொடுங்கள்.

எழுதி வைத்தால்தான் நமது

மஞ்சள் காயம் ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியா ஆதாரத்தைக் காட்டி 1997இல் ரத்து செய்ய வைத்தது. வேப்ப எண்ணெயில் பூஞ்சணம் அடக்கும் முறைக்கு ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமை 2000இல் ரத்தானது. மேல்முறையீடும் 2005இல் தோற்றது. எப்படி ஜெயித்தோம்? இது எங்களுக்கு முன்பே தெரியும் என்று ஆதாரத்தோடு காட்டினோம். நாளைக்கு நம்ம சோளத்துக்கும் நெல்லுக்கும் எவனாவது வந்தால் காட்ட என்ன இருக்கிறது?

2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைத்து, ஊர் மக்களின் அறிவைப் பதிவேட்டில் எழுத வேண்டும். உங்கள் ஊராட்சியில் அந்தப் பதிவேட்டை யாராவது பார்த்ததுண்டா? அடுத்த கிராமசபையில் எழுந்து கேளுங்கள். எந்தப் பயிருக்குப் பின்னால் எந்தக் களை குறையும், எந்த மரத்தடியில் எது முளைக்காது என்று நம் பெரியவர்கள் வாயில் இருப்பதை அவர்கள் இருக்கும்போதே எழுத வையுங்கள்.

நமது கோரிக்கைகள்

1. சோளம், பாரம்பரிய நெல் ரகங்கள், தக்கைப்பூண்டு, சணப்பு ஆகியவற்றின் களை அடக்கும் தன்மையை வேளாண்மைப் பல்கலைக்கழகம் விவசாயி வயலிலேயே பரிசோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும். பலன் இல்லாததையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

2. அரசுப் பணத்தில் கண்டுபிடிக்கிற எந்தச் செடிச் சரக்கையும் ஒரு தனியார் கம்பெனிக்கு மட்டும் எழுதிக் கொடுக்கக் கூடாது. கூட்டுறவுச் சங்கமும் மகளிர் குழுவும் செய்து விற்க அனுமதி வேண்டும்.

3. 'மூலிகை', 'இயற்கை' என்று பெயர் போட்டுப் பதிவில்லாமல் விற்கும் களைக்கொல்லிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். புகார் கொடுத்தால் பில் கேட்டு விரட்டாமல் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். பயிர் போனவருக்கு இழப்பீடு வேண்டும்.

4. கொடிய களைக்கொல்லிகளைக் கட்டம் கட்டமாக நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் மாற்று வழி வயலுக்கு வந்திருக்க வேண்டும்.

5. கோனோவீடர், தட்டை நறுக்கும் எந்திரம், பசுந்தாள் விதை ஆகியவை ஒவ்வொரு ஊராட்சிக்கும் பருவத்துக்கு முன்பே வர வேண்டும். பட்டம் போன பிறகு வரும் விதை மாட்டுத் தீவனத்துக்குத்தான்.

6. மருந்தடிக்கும் தொழிலாளர்களுக்குக் கையுறை, முகமூடி, வருஷம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை வைத்து வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம் நடத்துகிறோம். தேதி கிராமக் கூட்டங்களில் அறிவிக்கப்படும். வரும்போது வீட்டில் கிடக்கிற காலி டப்பாக்களைச் சாக்கில் கட்டி எடுத்து வாருங்கள். கையுறை போட்டு எடுங்கள், குழந்தைகளைத் தொட விடாதீர்கள். அதிகாரிகள் மேசை முன்னால் கொட்டிக் காட்டுவோம், நம் நிலம் ஒரு வருஷத்தில் குடித்தது எவ்வளவு என்று.

இன்னொரு கையில் ஒரு சோளத்தட்டையைக் கொண்டு வாருங்கள்.

டப்பாவுக்கு ஆராய்ச்சி உண்டு, தட்டைக்கு இல்லையா?
கம்பெனிக்குக் காப்புரிமை உண்டு, உழவனுக்கு உரிமை இல்லையா?
பயிரின் சக்தி பயிரிடுபவனுக்கே!
விவசாயி – விவசாயத் தொழிலாளி ஒற்றுமை ஓங்குக!

இவண்,
விவசாயிகள் சங்கம், வட்டக் குழு